கேட்டுத் திறக்கும் மதில்

ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம். புதிதாக வெள்ளை அடித்த மதிலின் அடியில் நான் குந்தியிருக்கிறேன். அரசாங்கம் தந்த வெள்ளைச் சேலை மண்ணில் படாமல் ஒரு கையால் தூக்கிப் பிடித்திருக்கிறேன். மற்றக் கை, மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மதிலின் அடியில் விட்ட ஒரு சாண் துவாரத்துக்குள் இருக்கிறது. மறுபக்கத்திலிருந்து அடுத்த வளவு அக்காவின் கை ஒரு சின்னச் சட்டியைத் தள்ளுகிறது. விரதநாள் என்பதால் கத்தரிக்காய்க் குழம்பு. அக்காவின் முகம் தெரியாது. மணிக்கட்டும், தேய்ந்துபோன ஒரு காப்பும், மஞ்சள் ஏறிய விரல்களுந்தான் தெரியும். சட்டியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், தெரு வேலைகளைப் பார்க்கும் கிராமச் சபை ஓவசியர் நிற்கிறார். மதில் போட்ட பிறகு தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வந்தவர், சைக்கிளை வாசலில் விட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்திருக்கிறார்.

"உங்கை என்ன செய்யிறியள், மிஸி?" என்று கேட்டார்.

"அக்கா கறி தாறா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. "ஆரது, ஓவசியர் தம்பியே? தண்ணி போக வழி விட்டனீங்கள். எங்களுக்கு விட மறந்து போனியள், என்ன?"

அக்கா பகிடியாகத்தான் சொன்னா. ஓவசியர் சிரிக்கவில்லை. மதிலைப் பார்த்தார், துவாரத்தைப் பார்த்தார், என் கையிலிருந்த சட்டியைப் பார்த்தார். பிறகு போய்ச் சைக்கிளை எடுத்தார். ஒரு பெரிய மனிதர் அப்படி வெட்கப்பட்டு நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அன்று அவர் மேல் எனக்கு இரக்கம் வரவில்லை, கொஞ்சம் திருப்திதான் வந்தது. இருந்தாலும் அந்த மதிலைக் கொண்டுவந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் அரசாங்க மருத்துவிச்சியாக, ஊர்ப் பேச்சில் மிஸியாக, புங்குடுதீவுக்கு வந்தேன். என் சொந்த ஊர் காரைநகர். ஊர்காவற்றுறைக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறி, கடலின் நடுவே போகும் தாம்போதியைக் கடந்தால் தீவு. முப்பதை எட்டிக்கொண்டிருந்தேன், கலியாணம் ஆகவில்லை. ஆகாததற்கு ஊர் சொன்ன காரணங்கள் பல. அவற்றில் ஒன்றும் சரியில்லை. எனக்குத் தங்கக் கிடைத்தது ஒரு பூட்டிய வீட்டின் பக்கத்து அறை. வீட்டுக்காரர் தெற்கே ஒரு பட்டணத்தில் கடை வைத்திருந்தார். எங்கள் வட்டாரத்தில் பாதி வீடுகள் அப்படித்தான். கடை வைத்த குடும்பங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து, கதவுகளைத் திறந்து, பிள்ளைகளைக் கிணற்றடியில் கூத்தடிக்க விட்டு, கொடி இறங்கின கையோடு பூட்டிக்கொண்டு போய்விடும். மிஞ்சிய நாளெல்லாம் அந்தப் பெரிய பெரிய வீடுகளில் வௌவாலும் நாங்களுந்தான்.

முதல் நாள் பின்னேரம் பெட்டியைத் திறக்கவும் மனமில்லாமல் கட்டிலில் இருந்தேன். பின்வேலி சரசரத்தது. பார்த்தால், ஓலையை விலக்கிக்கொண்டு ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தா. கையில் மூடிய கோப்பை. "மிஸி வந்திருக்கிறா எண்டு சொன்னவை. சாப்பிட்டிருக்க மாட்டீர் எண்டு தெரியும்" என்றா. அவதான் அக்கா. அவவின் வளவும் என் வளவும் முதுகோடு முதுகாக இருந்தன. வாசல்கள் வெவ்வேறு ஒழுங்கைகளில். புருசன் இளவயதில் போய்விட, பிள்ளைகளும் இல்லாமல், தெற்கே முதலாளியாக இருந்த தமையனின் வளவைப் பார்த்துக்கொண்டு, ஆறேழு ஆடுகளோடு தனியே இருந்தா. என்னைவிட இருபது வயது மூப்பு. இரண்டு நாளில் மிஸி என்பது பிள்ளை ஆகிவிட்டது.

வேலியில் ஓலையை விலக்கி ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விட்டிருக்கும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் பொட்டு என்று பெயர். அது படலை அல்ல, வழியும் அல்ல. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஆனால் அந்த வட்டாரத்துப் பெண்களின் சீவியம் முழுவதும் பொட்டுகளுக்குள்ளால்தான் நடந்தது. நெருப்பு வாங்க, அரிவாள் கேட்க, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்ல, சும்மா வந்து ஒரு வெற்றிலை போட. நானும் பிள்ளைப்பேறு பார்க்கப் போகும்போது ஒழுங்கை சுற்றிப் போகமாட்டேன். பொட்டுப் பொட்டாக ஏழு வளவு கடந்தால் மருந்துச்சாலைக்கே போய்விடலாம். ஒவ்வொரு வளவிலும் யாராவது ஒருவர், "எங்கை மிஸி, ஆருக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று அப்போது தெரியாது.

இப்படிச் சொல்லும்போது ஊர் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. மாரி வந்தால் நெருப்புக் காய்ச்சல் வீடு வீடாக ஏறும். நல்ல தண்ணீர்க் கிணறுகள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்; அவற்றில் இரண்டுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் குழி. ஒழுங்கைகளோ மாட்டுவண்டி ஒன்று நுழைந்தால் எதிரே வரும் ஆள் வேலியோடு ஒட்டிக்கொள்ளவேண்டிய அகலம். ஒரு மத்தியானம் கடற்கரைப் பக்கத்து வீட்டில் ஒரு தாயின் வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தது. பெரியாஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோகவேண்டும். கார் பெருந்தெருவில் நின்றது. ஒழுங்கைக்குள் வர ஏலாது. தாயைக் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்த வளைவுகளுக்குள்ளால் ஓடினோம். தாய் பிழைத்தா. பிள்ளை பிழைக்கவில்லை.

அடுத்த நாள் நான் கிராமச் சபைக் கந்தோருக்குப் போய் ஓவசியரின் மேசைக்கு முன்னால் நின்று கத்தினேன். "உங்களுக்குத் தெருப் போடத் தெரியாதெண்டால் கதிரையை விட்டு எழும்புங்கோ" என்று சொன்னதாக ஞாபகம். அவர் எழும்பவில்லை. நான் கத்தி முடியும்வரை கேட்டுவிட்டு, "இருங்கோ மிஸி. தண்ணி குடியுங்கோ. இந்தக் கிணறு நல்லது, நான் பாத்தனான்" என்றார்.

அவர் சரவணைக்காரர். ஒவ்வொரு நாளும் தாம்போதியின் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வருவார். காக்கிக் களிசான், தோலுறையில் அளவுநாடா, சட்டைப் பையில் சீவிய பென்சில். எந்த வீட்டுக்குப் போனாலும் தண்ணீர் கொடுத்தால் உடனே குடிக்கமாட்டார். முதலில் கிணற்றை எட்டிப் பார்ப்பார். பிறகு கக்கூஸ் எங்கே என்று கேட்டு, இரண்டுக்கும் இடையில் காலடி வைத்து எண்ணுவார். திருப்தி என்றால் குடிப்பார். இல்லையென்றால், "பிறகு குடிக்கிறன்" என்று சொல்லிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தை எடுப்பார். வீட்டுக்காரிகளுக்கு இது பெரிய அவமானம். "ஓவசியர் உங்கடை வீட்டிலை குடிச்சவரே?" என்பது கொஞ்சக் காலம் வட்டாரத்தில் ஒரு கேள்வியாகவே இருந்தது. குடித்த வீட்டுக்காரிகள் தலை நிமிர்ந்து நடந்தார்கள்.

என் கத்தலுக்குப் பிறகு அவர் எங்கள் வட்டாரத்தை முழுதாகத் திருத்தி அமைக்க ஒரு படம் கீறினார். அதைக் கொண்டுவந்து என் அறை மேசையில் விரித்து, எது சரி எது பிழை சொல்லுங்கோ என்றார். அழகான படம். வளைந்த ஒழுங்கைகளை நேராக்கிக் கார் போக அகலித்திருந்தார். கிணறுகளுக்குச் சுற்றுக்கட்டு. கக்கூஸ்களெல்லாம் கிணற்றிலிருந்து தள்ளிச் சீமெந்துக் குழியோடு. தூர்ந்துபோன குளத்துக்கு ஆழம், தெருவோரத்துக்கு வேம்பு. ஒவ்வொரு வீடும், பூட்டியதும் திறந்ததும், அதன் கிணறும் மரங்களும்கூட இருந்தன. "சனம் ஏன் போகுது மிஸி? உழைப்பு ஒண்டு. ஆனால் போனவை ஏன் திரும்பி வரேல்லை? இஞ்சை பிள்ளையளை வைச்சிருக்கப் பயம். இருக்கிற ஆக்களாவது போகாமல் இருக்கோணும். அதுதான் இந்தப் படம்" என்றார். நான் ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். ஒன்றும் குறை தெரியவில்லை. வேலிகளெல்லாம் அதில் இருந்தன. பொட்டு ஒன்றும் இல்லை. அவருக்கும் தோன்றவில்லை, ஒவ்வொரு நாளும் ஏழு பொட்டால் குனிந்து போய் வந்த எனக்கும் தோன்றவில்லை.

தெருவுக்குக் காணி விட்டவர்களுக்கு வேலிக்குப் பதில் மதில் கட்டித் தருவதென்று பேச்சு. தெற்கே இருந்த முதலாளிமார் சீமெந்து அனுப்பினார்கள். தெருப்பக்கம் மட்டும் ஏன், பின் எல்லையும் மதிலாகட்டும் என்று அவர்களே விரும்பினார்கள். ஆளில்லாத வளவுக்கு மதில்தானே காவல். அக்காவுக்கும் சந்தோசந்தான். வருசா வருசம் ஓலை வாங்கி, ஆள் பிடித்து, வேலி அடைக்கிற தொல்லை இனி இல்லை. "ஓவசியர் தம்பிக்கு ஒரு கோயில் கட்டவேணும்" என்றா. சுற்றிவர மதில் எழுந்தால் மாரி வெள்ளம் தேங்கும், தேங்காமல் எல்லாம் தெருவால் கடலுக்கு ஓடினால் கிணறு உவராகும் என்று ஓவசியர் யோசித்தார். அதனால் வளவுக்கு வளவு தண்ணீர் பரவ, பத்தடிக்கு ஒரு துவாரம். அவ்வளவு கவனமான மனிதர்.

வேலை முடிய இரண்டு வருடம் எடுத்தது. அந்த மாரியில் காய்ச்சல் குறைந்தது. கார் வீட்டு வாசல்வரை வந்தது. அதிலே ஏற்றி அனுப்பிய முதல் தாய் உயிருள்ள பிள்ளையோடு திரும்பி வந்தா. அந்தப் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு வீதியில் நின்று அழுதேன். ஓவசியர் பக்கத்தில் நின்று புதிதாய் நட்ட வேம்புக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் பாசாங்கு செய்தார்.

பிறகுதான் பின்னேரங்கள் வந்தன. வேலை முடிந்து அறைக்கு வருவேன். பின்பக்கம் ஆறடி வெள்ளை மதில். அக்கா அந்தப் பக்கம் ஆடுகளோடு கதைப்பது கேட்கும். ஆட்டுக்குச் சொல்லும் கதை எனக்கும் சேர்த்துத்தான் என்று தெரியும். நானும் இந்தப் பக்கம் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். தெருவால் சுற்றிப் போனால் அரை மைல். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். எனக்கோ யார் வீட்டிலிருந்து எப்போது ஆள் வரும் என்று தெரியாது. வேலிக் கதியாலில் தழைத்த பூவரசும் கிளுவையும் போய்விட்டதால் ஆடுகளுக்குக் குழை இல்லை. அக்கா இரண்டை விற்றுவிட்டா. ஏழு வளவிலும் "ஆருக்கு மிஸி?" என்று கேட்க யாருமில்லை. காரில் ஏறினேன், காரில் இறங்கினேன். வட்டாரம் சுகமாக இருந்தது. அதில் இருந்த பெண்கள் ஆளுக்கொரு மதிலுக்குள் இருந்தார்கள். எனக்கு அந்த நாட்களில் இருந்த தனிமையை இன்று நினைத்தாலும் நெஞ்சு காய்கிறது.

அக்காவின் தமையன் ஒவ்வொரு திருவிழாவுக்கும், "தனிய இருந்து என்ன செய்யப் போறாய், எங்களோடை வா" என்று கூப்பிடுவார். அக்கா ஒரே மறுமொழிதான் சொல்லுவா: "இஞ்சை எனக்கு ஆள் இருக்கு." அந்த வருடத் திருவிழாவில் அப்படிச் சொல்லவில்லை. "பாப்பம்" என்றாவாம். துவாரத்துக்குள்ளால் அக்கா அதை எனக்குச் சொன்னபோது நான் நிலத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமைதான் ஓவசியர் எங்களைக் கண்டது.

நாலு நாள் கழித்து வந்தார். "அக்கா போகப் போறாவோ?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "அவ போனால் இந்தப் படம் என்னத்துக்கு?" என்று சொல்லிவிட்டு, அளவுநாடாவை எடுத்து மதிலில் இரண்டரை அடி அகலம் அளந்து, பென்சிலால் இரண்டு கோடு போட்டார்.

கோடு போடுவது சுலபம். மதில் அக்காவின் தமையனுக்குச் சொந்தம். தமையன் தன் வழக்குகளைப் பார்க்கும் பிறக்கிராசியைக் கேட்டார். எங்கள் பக்கத்தில் வழி வழக்குகளில் சோறு தின்ற பிறக்கிராசிமார் பலர். அந்த மனிதர் உடனே எழுதினார்: மதிலில் வாசல் விட்டால், அதால் பத்து வருசம் தடையில்லாமல் ஆள் நடந்தால், அது வழியாகிப்போகும். பிறகு காணியை விற்கவும் ஏலாது, மூடவும் ஏலாது. மற்ற வளவுக்காரரும் அதையே சொன்னார்கள். அப்போ பொட்டு மட்டும் எப்படி இத்தனை தலைமுறை இருந்தது என்று நான் எரிச்சலோடு கேட்டேன். ஓவசியர் சைக்கிளில் சாய்ந்துகொண்டு கனநேரம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் கண்டேன்.

"வருசத்திலை ஒருக்கா வேலி அடைக்கிறவை எல்லோ மிஸி. அண்டைக்குப் பொட்டு இல்லை. முழு வேலி. அடுத்த நாள் அந்த வீட்டுப் பெண்டுகள் பாத்து ஓலையை விலக்கி விடுறவை. வருசா வருசம் மூடித் திறக்கிறதாலை அது ஒருத்தற்றை உரிமையும் இல்லை. விட்டால் உண்டு, விடாட்டில் இல்லை. நாங்கள் நிரந்தரமா ஒண்டைக் கட்டிப்போட்டு அதைக் கெடுத்திட்டம்."

அவர் செய்த ஏற்பாடு இதுதான். மதிலில் இரண்டரை அடி வெட்டி விடுவது. ஆடிப்பிறப்புக்கு அடுத்த நாள், ஊர்த் தலைமைக்காரரான விதானையாரைச் சாட்சி வைத்து, மதில் சொந்தமான காணிப்பக்கத்து ஆள் அதைக் கல் அடுக்கி முழுதாக மூடுவது. மறுநாள் காலை மற்றப் பக்கத்து ஆள் வாய்விட்டுக் கேட்கவேண்டும். கேட்டால், காணிப்பக்கத்து ஆள் சம்மதித்துக் கல்லை எடுக்கவேண்டும். கேட்டு வாங்கியது உரிமை ஆகாது என்று ஓவசியர் ஒரு கடதாசியில் எழுதி, பிறக்கிராசியிடம் தானே கொண்டுபோய்க் காட்டினார். அந்த மனிதர் இரண்டு தரம் வாசித்துவிட்டு, தனக்கு வர இருந்த வழக்குகளை நினைத்தாரோ என்னவோ, மனமில்லாமல் ஓம் என்றாராம்.

முதல் வருடம் அந்தக் காலையில் நான் மதிலடியில் நின்று, வெட்கத்தோடு, "அக்கா, நான் இதாலை வரலாமோ?" என்று கேட்டேன். ஓவசியரும் விதானையாரும் பக்கத்தில் நின்றார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல்: "ஆர் கேக்கிறது?"

"நான்தான் அக்கா."

"யோசிக்கோணும்" என்றா அக்கா. விதானையார் முகம் கறுத்துப்போனார். அந்தப் பக்கம் அடக்கமுடியாத சிரிப்பு. பிறகு ஒவ்வொரு கல்லாக எடுபட, முதலில் அக்காவின் நெற்றி, பிறகு கண், பிறகு வாய் நிறைய வெற்றிலை. ஓவசியர் அன்று அக்கா வீட்டுத் தண்ணீரைக் காலடி எண்ணாமலே குடித்தார்.

இரண்டு வருடத்துக்குள் ஏழு வளவிலும் வாசல் வந்தது. மருந்துச்சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சனம் மறுபடி வளவுகளுக்குள்ளால் நடந்தது. தெருவில் கார், உள்ளே ஆட்கள். ஆடிப்பிறப்புக்கு அடுத்த நாள் வட்டாரம் முழுவதும் மூடியிருக்கும், அதற்கடுத்த காலை மதிலுக்கு மதில், "வரலாமோ?" "வாரும்!" என்று சத்தம். கோபதாபத்தில் இருந்தவர்கள்கூட அன்று கேட்டுத்தான் ஆகவேண்டும். அக்கா ஒவ்வொரு வருடமும் "யோசிக்கோணும்" என்பா. தமையனிடம் மறுபடி, "இஞ்சை எனக்கு ஆள் இருக்கு" என்றா. அந்த ஆள் நான்.

இனிச் சொல்லப்போவதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஆறாவது வருடமாக இருக்கவேண்டும். எனக்கு நாற்பது நெருங்கியது. அக்காவை எனக்கு என் சொந்தச் சகோதரத்தைவிடப் பிடிக்கும். ஆனால் அந்தப் பிடிப்பே எனக்குப் பயமாகிவிட்டது. அக்காவின் கோப்பை, அக்காவின் முழங்கால், அக்காவின் ஆடு. இருபது வருடத்தில் நானும் ஒரு பூட்டிய வீட்டின் பக்கத்து அறையில், மறுபக்கத்தில் யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருக்கிற பெண்ணாகிவிடுவேன் என்று தோன்றியது. ஒருநாள் மத்தியானம் கதவைச் சாத்திவிட்டு, யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு இடமாற்றம் கேட்டு என் கைப்பட எழுதி அனுப்பினேன். யாருக்கும் சொல்லவில்லை. அன்று பின்னேரமும் அக்கா வீட்டில்தான் சாப்பிட்டேன்.

மூன்று மாதம் கழித்து மாற்றக் கடிதம் வந்தது. ஒரு கிழமை தவணை இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லுவோம் என்று வாசலால் குனிந்து போவேன்; அக்கா ஏதாவது கேட்பா; சொல்லாமலே திரும்பி வருவேன். ஆடிப்பிறப்புக்கு அக்கா கூழ் காய்ச்சித் தந்தா. அடுத்த நாள் விதானையார் வந்தார், அக்கா கல் அடுக்கி மூடினா. கடைசிக் கல்லை வைக்கும்போது, "நாளைக்கு வெள்ளெனக் கேள் பிள்ளை. உனக்குப் பிடிச்ச கொழுக்கட்டை கிடக்கு" என்றா. நான் சரி என்றேன். கல் மூடியதும் எனக்கு வந்த உணர்ச்சியை என்னவென்று சொல்ல? நிம்மதி. முகத்தைப் பார்க்காமல் போகலாம் என்ற நிம்மதி. மறுநாள் விடிய முதல் பஸ்ஸில் பெட்டியோடு ஏறிவிட்டேன். மதிலடிக்குப் போகவில்லை. போனால் கேட்டுவிடுவேன் என்று தெரியும்.

இப்போது யாழ்ப்பாண நகரத்து ஓரத்தில், வயலை நிரப்பித் துண்டு துண்டாக விற்ற காணியில் ஒரு சிறிய வீடு கட்டி இருக்கிறேன். தெருக்கள் நேராக இருக்கின்றன. ஒவ்வொரு வளவுக்கும் நல்ல கக்கூஸ், குழாய்க் கிணறு, நாலு பக்கமும் மதில். மூன்று வருடமாகப் பக்கத்து வீட்டில் ஒரு பெண் இருமுகிறா. அவவின் பெயர் எனக்குத் தெரியாது. இரண்டு தரம் தெருவால் சுற்றிப் போய் வாசலில் நின்றேன். நாய் குரைத்தது, திரும்பி வந்துவிட்டேன். ஓவசியர் செத்துப்போன செய்தியைப் போன மாதம் பேப்பரில் பார்த்தேன். அவரை நான் கடைசியாகக் கண்டது ஆஸ்பத்திரியில், நான் தீவை விட்டு வந்து மூன்று வருடத்துக்குப் பிறகு. மூத்த மகளை எங்கள் வாட்டுக்குப் பிள்ளைப்பேற்றுக்குக் கொண்டுவந்திருந்தார். மகள் உள்ளே இருந்தா. நாங்கள் இருவரும் வெளியே வாங்கில் இருந்தோம். அவருக்குத் தலை நரைத்திருந்தது. அக்கா எப்படி என்று நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

"அவ தெற்கை தமையனோடை போட்டா, மிஸி. நீங்கள் போனதுக்கு அடுத்த தையிலையே. வீடு பூட்டுத்தான். நடுவிலை அந்த வளவு அடைபட, மற்ற வாசலுகளாலை நடந்தும் பிரயோசனம் இல்லையெண்டு ஒவ்வொண்டா மூடிப் போட்டுதுகள்."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்டைக்குப் பத்து மணிக்கு நான் போனனான். மதில் மூடினபடி. அக்கா அந்தப் பக்கம் கதிரை போட்டு இருந்தவ. நான் எடுத்து விடட்டோ எண்டு கேட்டன். கேக்க ஆள் இல்லாமல் என்னெண்டு தம்பி திறக்கிறது எண்டா. மூண்டு நாள் அந்தக் கதிரையிலை இருந்தவ."

ஒரு தாதி வந்து இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனா. ஓவசியர் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான் அவவுக்குச் சொன்னனான், அரசாங்க உத்தியோகம் அக்கா, உடனை வா எண்டு ஓடர் வந்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யிறது, சொல்லிப்போட்டுப் போக நேரம் கிடைச்சிராது எண்டு. அவ நம்பினவ. உங்களிலை ஒரு கோபமும் இல்லை. பிழை என்ரைதான், மிஸி. முதல்லை, ஆள் போக வழி விட மறந்தன். பிறகு எல்லாத்தையும் ஒரு ஆளிலை கொண்டுபோய்த் தொங்கவிட்டிட்டன். அந்த ஆளுக்கு மாத்தம் வரும் எண்டு யோசிக்கேல்லை. இந்த மூண்டு வருசமா இருந்து யோசிக்கிறன், வேறை எப்பிடிச் செய்திருக்கலாம் எண்டு."

அவர் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். "ஓடர் திடீரெண்டுதானே வந்தது?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.